உள்ளங்கையா, விரலா

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். குக்கர் இரண்டு விசில் அடித்திருந்தது. மூன்றாவதற்காக ஒரு காதை அடுப்பங்கரைப் பக்கம் வைத்துக்கொண்டு, கூடத்துப் பாயில் மல்லாந்து படுத்திருந்த என் மகளின் வலது கணுக்காலை இடது முட்டியின்மேல் ஏற்றி, இரண்டு கால்களையும் சேர்த்து அவள் நெஞ்சுப் பக்கமாகத் தள்ளிப் பிடித்திருந்தேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. இடுப்பும் தொடையின் வெளிப்பக்கமும் இறுகிப்போயிருக்கின்றன, தினமும் இழுத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் தீர்மானம். இரண்டு மாதமாகக் காலையில் இதைச் செய்துவந்தோம்.

எண்களுக்குப் பதிலாக, மலைப்பாதை வளைவுகளின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கன்னிமார். ஒத்தப்பாறை. புளியமரம். தேன்கூடு. தண்ணித்தொட்டி. லாரி கவுந்த மூலை. கல்லுக்குழி. ஏழாவது பெயரில் அவள் வாயைத் திறந்தாள். சத்தம் சற்றுப் பொறுத்துத்தான் வந்தது. அதற்குள் மூன்றாவது விசிலும் அடித்துவிட்டது.

தூக்கி நிறுத்தப் பார்த்தேன். வலது கால் அவளைத் தாங்கவில்லை. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது, யாரோ அவசரத்தில் கழற்றிவிட்டுப் போன செருப்பு மாதிரி.

அந்த வளைவுகளின் பெயர்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பேருந்து ஓட்டுநர். அவர் பெயர் எனக்குத் தெரியாது. எட்டு வருடம் அவருடைய வண்டியில் போய்வந்தும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. எல்லோரும் ‘டிரைவரே’ என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் திரும்பத் திரும்ப அவர் முகம்தான் வந்து நின்றது.

எங்கள் வீடு அப்போது கணியம்பாடியில். எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது ஜவ்வாது மலைமேல் ஒரு நடுநிலைப் பள்ளியில். அமிர்தியைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்து மேலே ஏறும் பேருந்து காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகள் பதினொன்று. பெண்டு என்பார்கள். கடைசி பெண்டுக்குச் சாமைக்களம் என்று பேர். அதைத் தாண்டியதும் ஒரு சிறு பாலம், அதன் பக்கத்தில் வண்டி நிற்கும்.

நின்றதும் அவர் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவார். குள்ளமான ஆள். காக்கிச் சட்டையின் முதுகில் சீட்டின் கோடுகள் வியர்வையாகப் பதிந்திருக்கும். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, இடது உள்ளங்கையைப் பேருந்தின் பக்கவாட்டுத் தகரத்தில் ஊன்றுவார். வலது காலை இடது காலுக்குப் பின்னால் குறுக்கே கொண்டுபோய் வைத்து, இடது பக்கமாகச் சாய்வார். வலது இடுப்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படியே நின்றபடி, கன்னிமாரில் தொடங்கிச் சாமைக்களம் வரைக்கும் மூச்சுக்கு ஒரு பெண்டாகச் சொல்வார். கால் மாற்றிக்கொண்டால் பெயர்கள் மேலிருந்து கீழே இறங்கும். கடைசியாகப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, ஒரு கணுக்காலை மறு முட்டியில் போட்டு, முதுகு வளையாமல் முன்னால் குனிவார். எல்லாம் சேர்ந்து ஆறேழு நிமிடம். அவர் முடிக்கும்வரை வண்டி நகராது.

கண்டக்டர் சின்ன வயசுக்காரர். கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே நிற்பார்.

“அண்ணே, டைமாவுது.”

“எட்டாவது பெண்டுல கீறேன். இரு.”

“பஸ்ஸு ஏறி முடிச்சிடுச்சி. இவரு இன்னும் ஏறிக்கினே கீறாரு,” என்று கண்டக்டர் எங்கள் பக்கம் திரும்பிச் சொல்வார்.

புளி மூட்டையோடு ஏறும் ஒரு பெண்மணி இருந்தார். அவருக்கு டிரைவரைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது. “இன்னா டிரைவரே, காலப் பின்னிக்கினு கோணிக்கினு நிக்கிற? பொண்ணு பாக்க வந்துகீறாங்களா உன்ன?”

“ஆமா. காப்பி தட்டு எங்க, நீதான் எடுத்தாரணும்.”

அவருக்கு இடுப்பு இறுகிப்போனது கிளட்சை மிதித்து மிதித்துத்தான் என்று கண்டக்டர் சொல்வார். அவராக எதையும் சொன்னதில்லை. தன்னைப் பற்றி யார் கேட்டாலும் டயரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒருநாள் வண்டியில் ஏறும்போது படிக்கட்டில் ஒருக்களித்து ஏறினேன். வலது காலை நேராகத் தூக்கிவைக்க முடியவில்லை. பாலத்திலிருந்து பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டர் மலைச்சரிவின் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை. பையில் நோட்டுகள், கையில் சாப்பாட்டுக் கூடை. கண்ணாடியில் அவர் பார்த்திருக்கிறார்.

“டீச்சர், எங்க வலிக்குது, காட்டுங்க.”

எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. இருபத்தாறு வயது. பேருந்து முழுக்க ஆட்கள். இடுப்பிலிருந்து முட்டிவரை வெளிப்பக்கமாக உள்ளங்கையால் ஒருமுறை தடவிக் காட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“உள்ளங்கைதான். அப்பன்னா பயமில்ல. போறப்ப சுமை, வர்றப்ப கை காலி, இல்லீங்களா? சுமையோட போறப்ப எந்தக் காலு பள்ளத்துப் பக்கம் விழுதோ அந்தக் காலு இறுகும். மலை மேல எல்லாருக்கும் கீது. சரிவுக்காலு.”

மலைக்காரர்கள் அதை அப்படித்தான் சொல்வார்கள். ஒருவர் எந்த இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார் என்று பார்த்து, அவர் மலையின் எந்தப் பக்கத்து ஊர் என்று டிரைவர் சொல்லிவிடுவார். தவறியதில்லை. அன்று மாலை பாலத்தில் எனக்குச் செய்து காட்டினார். என்னைத் தொடவில்லை, பக்கத்தில்கூட வரவில்லை. பத்தடி தள்ளி நின்று தன் உடம்பில் செய்துகாட்டி, “வூட்ல போய்ட்டு செவுத்த புடிச்சிக்கினு செய்ங்க. இழுக்கிறது தெரியணும், வலி தெரியக் கூடாது. வலி தெரிஞ்சா நிறுத்திடுங்க,” என்றார். மூன்று வாரத்தில் நான் படிக்கட்டில் நேராக ஏறினேன்.

அவர் யாரிடமும் ‘வலிக்கிறதா’ என்று கேட்டதில்லை. ‘காட்டு’ என்பார். எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லமாட்டார். சும்மா கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். உள்ளங்கையால் தடவினால் செய்துகாட்டுவார். ஒரு விரலால் ஓர் இடத்தைத் தொட்டால் மாட்டார்.

அது எனக்குத் தெரியவந்தது ஒரு விவசாயியால். ஐம்பது வயதிருக்கும். கொஞ்ச நாளாக நொண்டிக்கொண்டு வந்தார். பாலத்தில் டிரைவர் முன்னால் வந்து நின்றார்.

“டிரைவரே, எனக்கும் ஒண்ணு சொல்லிக் குடு. சரிவுக்காலு புடிச்சிகிச்சி.”

“காட்டு.”

அவர் ஆள்காட்டி விரலை இடுப்புக்குக் கீழே, தொடை ஆரம்பிக்கும் இடத்தில் வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

“இது என் வேல இல்ல. வண்டில ஏறு. வேலூர் பெரியாஸ்பத்திரில இறக்கி வுட ஏற்பாடு பண்றேன்.”

“ஊருக்கே சொல்லிக் குடுக்கிற. எனக்கு மட்டும் மாட்டியா? நான் இன்னா உன் வண்டில டிக்கெட்டு வாங்காம வந்தனா?”

“மரத்துல இருந்து எப்ப வுழுந்த?”

அந்த ஆள் விரலை எடுத்துவிட்டு, தானாகவே போய் வண்டியில் ஏறினார். புளி உலுக்க ஏறி, கிளை முறிந்து விழுந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இனி மரம் ஏறக்கூடாது என்று மனைவி சத்தியம் வாங்கியிருந்ததால் வீட்டில் சொல்லவில்லை. எலும்பில் கீறல் என்று பிறகு கண்டக்டர் சொன்னார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். ஐம்பது வயது ஆள் பெண்டாட்டிக்குப் பயந்து நொண்டியதை ஒரு வாரம் பேருந்தில் பேசிச் சிரித்தோம். நானும்தான்.

உடம்புக்குச் செய்ததையே அவர் வண்டிக்கும் செய்தார். அதுதான் எங்களுக்குத் தொல்லை. பழகாத ஒரு சத்தம் கேட்டால் போதும், நடுப்பாதையில் நிறுத்திவிட்டு இறங்கிவிடுவார். அடியில் படுத்துப் பார்ப்பார். கண்டக்டர் ‘கொஞ்சம் கிரீசு வச்சா போய்டும்ணே’ என்பார். “சத்தம் போய்டும். எங்க இருந்து வந்திச்சின்னு அப்பால எப்டி கண்டுபுடிப்ப?” என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வரும்.

எட்டாவது வருடம், பள்ளியில் ஆய்வு நடக்கிற நாள். அதிகாரிகள் பத்து மணிக்கு வருகிறார்கள். என் வகுப்பைத்தான் முதலில் பார்ப்பார்கள் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். நான் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. தேன்கூடு பெண்டில் வண்டி ‘டக்’ என்றது. நிறுத்திவிட்டார். எல்லோரையும் இறக்கினார். ஒரு மணி நேரம் பார்த்தார். ஒவ்வொரு சக்கரமாகத் தட்டினார். கடைசியில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணும் இல்ல. ஏறுங்க.”

“ஒண்ணும் இல்லாததுக்கா ஒரு மணி நேரம்?” என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

“ஒண்ணும் இல்லன்னு இப்பத்தான டீச்சர் தெரிஞ்சிது.”

ஆய்வு முடிந்து ஜீப் கிளம்பிய பிறகு பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தேன். அன்று மாலையே டெப்போவுக்கு மனு எழுதினேன். மேலே பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸ்களுக்கும் போகிறவர்கள் ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டுநர் பணி நேரத்தில் உடற்பயிற்சி செய்வதாகவும், காரணமின்றி வண்டியை நிறுத்துவதாகவும், பயணிகளுக்கு வைத்தியம் பார்ப்பதாகவும் எழுதினேன். மூன்றுமே உண்மை. அவரால் சரியான என் காலை மட்டும் மனுவில் சேர்க்கவில்லை.

இருபது நாளில் அவரை மலை ஏறாத கீழ்நாட்டு வழித்தடத்துக்கு மாற்றிவிட்டார்கள். கடைசி நாளும் பாலத்தில் இறங்கி, தகரத்தில் கை ஊன்றிப் பதினொரு பெயரையும் சொல்லி முடித்தார். நான் கடந்துபோகும்போது திரும்பினார்.

“கையெழுத்து முத்து மாரி கீது டீச்சர். டெப்போல எல்லாரும் சொன்னாங்க.”

முகத்தில் கோபம் தேடினேன், கிடைக்கவில்லை. அதற்கு அவர் ஏதாவது திட்டியிருக்கலாம். புது ஓட்டுநர் எங்கும் நிறுத்தவில்லை. நாங்கள் தினமும் நேரத்துக்குப் போனோம். குழந்தை பிறந்த பிறகு அந்தப் பயணமும் வேண்டாம் என்று மலையிலேயே வீடு பார்த்துக்கொண்டேன். என் கணவருக்கு ராணிப்பேட்டையில் வேலை, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை காலையில் போவார்.

மகளும் என் பள்ளியில்தான் படிக்கிறாள். எட்டாம் வகுப்பு. ஒரு வருடத்தில் சடசடவென்று வளர்ந்து என் தோளைத் தாண்டிவிட்டாள். ஜூன் கடைசியில் நொண்ட ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு அக்கா இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பார்த்ததும் சொல்லிவிட்டார்.

“சரிவுக்காலுதான் டீச்சர். எங்க பசங்களுக்கெல்லாம் வந்து போச்சி. இழுத்து வுடுங்க.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வீட்டிலிருந்து பள்ளிக்கு அதே மாதிரியான சரிவுப் பாதை. அவளுக்குப் புத்தகப் பை போகும்போதும் முதுகில், வரும்போதும் முதுகில். இரண்டு வழியும் ஒரே சுமை என்றால் ஒரு கால் மட்டும் எப்படி இறுகும் என்று டிரைவர் கேட்டிருப்பார். நான் கேட்கவில்லை. எனக்கு வலித்தது, அவர் சொன்ன பயிற்சியில் போனது. அவ்வளவுதான் என் கணக்கு.

ஒருநாள் முட்டியில் வலி என்றாள். இன்னொரு நாள் தொடையில் என்றாள். இடம் மாறி மாறிச் சொன்னதால் படிப்புக்குச் சாக்கு என்று நினைத்தேன். காலையில் எழுந்ததும், “வலிக்குதா?” என்று கேட்பேன். “வலிக்குது.” “அப்போ வா, படு.” ஆடி மாதத்தில் இரண்டு முறை, “அம்மா, இந்தக் கால்லயும் லேசா வலிக்குது,” என்று இடது காலைச் சொன்னாள். “நல்லதாப் போச்சு, ரெண்டுக்கும் சேத்துச் செஞ்சிடலாம்,” என்றேன். இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட ‘காட்டு’ என்று சொல்லவில்லை. அவரிடம் பயிற்சியைக் கற்றுக்கொண்டேன், அதற்கு முன்னால் அவர் செய்கிற ஒன்றை விட்டுவிட்டேன்.

என் கணவர் இரண்டு சனிக்கிழமைகளில் சொன்னார். “வேலூர்ல ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமே.”

“சரிவுக்கால்ங்க. மலைல இருக்கிறவங்களுக்கு இது சகஜம். உங்களுக்குத் தெரியாது.”

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பாயில் கிடந்தவளிடம் முதன்முதலாகக் கேட்டேன். “எங்கடி வலிக்குது, காட்டு.” அவள் ஒற்றை விரலை இடுப்பு மடிப்பில் வைத்தாள். விரல் நகரவில்லை. அந்த விவசாயியின் விரல் நின்ற அதே இடம்.

பக்கத்து வீட்டு அக்காவின் அண்ணன் சந்தைக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டுப் பிக்கப் வண்டியில் மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்தோம். இறக்கத்தில் ஒவ்வொரு பெண்டும் அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை. அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சாமைக்களம், கரடி மூலை, காத்துவாசல் என்று பழக்கத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

“அம்மா, அதச் சொல்லாத,” என்றாள்.

வேலூரில் ஒரு ஆஸ்பத்திரி. எலும்பு டாக்டருக்கு என் பழைய மாணவர்களின் வயதுதான் இருக்கும். எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வந்து மூன்று கேள்விகள் கேட்டார்.

“எவ்வளவு நாளா நொண்டறா?”

“ஒரு வாரமா.”

“இன்னைக்கு என்ன ஆச்சு?”

“பாத்ரூம் படியில வழுக்கிட்டா.”

“அடுத்த கால்ல எப்பவாவது வலி சொன்னாளா?”

“இல்ல டாக்டர்.”

மூன்று பொய்களும் தயங்காமல் வந்தன. அரை மணி முன்னால் ராணிப்பேட்டையிலிருந்து ஓடிவந்த என் கணவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இருபத்தோரு வருடமாகப் பிள்ளைகளிடம் உண்மையைச் சொல் என்று பிரம்பைத் தட்டிக்கொண்டிருப்பவள் நான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த மகள் எல்லாவற்றையும் கேட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தொடை எலும்பின் மேல்முனையில் பந்து மாதிரி ஒன்று இருக்கிறது. வளர்கிற வயதில் அது இளசாக ஒட்டியிருக்கும் இடத்திலிருந்து சில பிள்ளைகளுக்கு நழுவிவிடுமாம். அவளுக்கு நழுவியிருக்கிறது. மறுநாள் காலை ஒரு ஸ்க்ரூ வைத்து நிறுத்தினார்கள். ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக்கூடாது. பந்துக்கு ரத்தம் ஓடுகிறதா என்பது தெரிய மாதங்கள் ஆகும். ஓடாவிட்டால் என்ன என்று என் கணவர் கேட்டார். அந்தப் பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும் என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை காலை டாக்டர் மறுபடி வந்தார். “சில பேருக்கு ரெண்டாவது காலும் இப்படி நழுவும். படத்துல இப்போதைக்குச் சரியாத்தான் தெரியுது. ஆனா வலி இருந்திருந்தா, இப்பவே அதுக்கும் ஸ்க்ரூ போட்டுடறது பாதுகாப்பு. இல்லன்னா தேவையில்லாம கத்தி வைக்க வேணாம். நீங்கதான் கூடவே இருக்கறவங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும் என் ரூம்ல இருப்பேன். சனிக்கிழமை டிஸ்சார்ஜ் எழுதறதுக்குள்ள முடிவு பண்ணணும்.”

நான் தலையாட்டினேன். ஒரு பதிலை மாற்றினால் மற்ற இரண்டும் கூடவே வந்து விழும். இரண்டு மாதம். என் கை. எல்லாவற்றையும் சொன்னால்தான் அந்த ஒன்றைச் சொல்ல முடியும். மத்தியானம் முழுக்க வராந்தாவில் உட்கார்ந்து, ஆடியில் அவள் சொன்னது தசைவலியாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார்.

நான்கு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். வராந்தாவின் மறுகோடியில் நர்சம்மா யாரையோ சத்தம் போடுவது கேட்டது.

“பெரியவரே, நடுவுல நின்னு இன்னா பண்றீங்க? வழிய வுடுங்க.”

“பதினோரு பேரு சொல்லிட்டு வந்துடறேம்மா. மாடிப்படி ஏறி வந்தேன் இல்ல.”

திரும்பிப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, கைத்தடி. தலை முழுக்க நரைத்திருந்தது. இடது உள்ளங்கை சுவரில், வலது கால் பின்னால் குறுக்கே. எனக்கு எழுந்து போகவும் முடியவில்லை, உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அவர் நிதானமாக முடித்துவிட்டு வந்தார்.

“பிக்கப்புக்காரரு அமிர்தி டீக்கடைல சொன்னாராம். நம்ம பழைய கண்டக்டரு போன் போட்டான்.”

“டிரைவரே, அந்த மனு...”

“அத வுடுங்க. பொண்ணுக்கு எப்டி ஆச்சி?”

நான்கு நாளாக யாரிடமும் வராதது அவரிடம் வந்துவிட்டது. இரண்டு மாதம் என்றேன். பாயில் படுக்கவைத்து நானே செய்தேன் என்றேன். நீங்கள் சொன்ன மாதிரியே பெண்டு பெயர் சொல்லிச் செய்தேன் என்றேன்.

“எந்தப் பெண்டுல கத்திச்சி?”

“ஏழாவதுல. கல்லுக்குழி.”

“நிறுத்திட்டீங்களா?”

அந்தக் கேள்வியை எனக்கு நானே இதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. “எட்டாவது பேரயும் சொன்னேன்,” என்றேன். “மூங்கில்னு சொன்னேன். சொல்லும்போது கை அழுத்திக்கிட்டேதான் இருந்தது.”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு தடியை ஊன்றி வார்டுக்குள் போனார். நான் பின்னால் போனேன்.

கட்டிலின் கால்மாட்டில் நின்று என் மகளைப் பார்த்தார். அவளுக்கு இவர் யாரென்று தெரியாது.

“உங்கம்மா போன பஸ்ஸோட டிரைவரு கண்ணு. எங்க வலிக்குது, காட்டு.”

அவள் கட்டுப்போட்ட வலது தொடைமேல் உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவிக் காட்டினாள். அவர் தலையசைத்தார்.

“ஆபரேசன் பண்ண வலி. அது இருக்கும். அந்தக் காலு?”

அவள் என்னைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவள் நேராக என் கண்ணைப் பார்த்தது அப்போதுதான். பிறகு கையைப் போர்வைக்குள் கொண்டுபோய், இடது இடுப்பின் மடிப்பில் வைத்தாள். போர்வையின்மேல் ஒரு விரலின் முனை மட்டும் புடைத்துத் தெரிந்தது. அது நகரவில்லை.

டிரைவர் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“டாக்டருக்கு இது தெரியுமா டீச்சர்?”

“கேட்டாரு. இல்லன்னு சொல்லிட்டேன்.”

“எத்தினி மணி வரிக்கும் இருப்பாரு?”

“அஞ்சு.”

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துக் கட்டில் பக்கத்தில் போட்டு, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். தடியை முட்டிகளுக்கு நடுவில் நிறுத்திக்கொண்டார்.

“போய்ட்டு எல்லாத்தயும் சொல்லிட்டு வாங்க. அந்த எட்டாவது பெண்டயும் சேத்து. ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு தெரியட்டும். நீங்க வர்ற வரிக்கும் நான் பொண்ணுகிட்ட உக்காந்திருக்கேன்.”